மின்தாளின் ஏகபோகமும் வாசகரின் பாத்தியதையும்

எழுதுபவர் யார் என்ற வினாவைக் காட்டிலும், எழுத்தைத் தாங்கி நிற்கும் சாதனம் யாருடைய கையில் இருக்கிறது என்ற வினாவே ஒரு சமூகத்தின் அறிவு வாழ்வைப் பெரிதும் தீர்மானிக்கின்றது என்பதற்கு யாழ்ப்பாணத்து அச்சு வரலாறே போதிய சான்றாகும். 1820 ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஜேம்ஸ் கரெற் என்ற அச்சுத் தொழிலாளர் இக்குடாநாட்டுக்கு வந்தபோது, அக்காலத்துப் பிரித்தானிய ஆட்சியாளர் அவர் இங்கே தங்குவதற்கு இடங்கொடாது திருப்பி அனுப்பினர். பின்னர் அனுமதி கிடைத்து, 1830களில் மானிப்பாயிலே மிஷன் அச்சகம் இயங்கத் தொடங்கிப் பாடநூலையும் துண்டுப்பிரசுரத்தையும் 1841 முதல் உதயதாரகைப் பத்திரிகையையும் ஊரெங்கும் பரப்பிய காலத்தில், அவற்றுக்கு மறுமொழி சொல்ல விரும்பியவர்க்கு ஓலையும் நாவுமன்றி வேறு கருவி இருக்கவில்லை. ஆறுமுக நாவலர் 1849 இல் சென்னபட்டணம் சென்று அச்சியந்திரம் வாங்கி வந்து, வண்ணார்பண்ணையிலே வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவிய செயல் சமய வரலாற்றில் எவ்வளவு பெரியதோ, வர்த்தக நியாயத்தின் நோக்கிலும் அவ்வளவு பெரியது. ஏனெனில், அச்சுச் சாதனம் அன்றுமுதல் ஒரு கையிலிருந்து இரு கைகளுக்கு வந்தது.

இன்று அச்சிட்ட ஏட்டினிடத்தை ஓரளவுக்கேனும் பிடித்துக்கொண்டு வரும் மின்னூல் வாசிப்புக் கருவியைப் பற்றி இதே வினாவை எழுப்பினால் கிடைக்கும் விடை மகிழ்ச்சி தருவதாக இல்லை. கருவிகளின் பெயர்கள் பலவாக இருப்பினும், அவற்றின் உயிர்நிலையாகிய மின்தாள் திரையை உலகுக்கு வழங்குவது ஏறக்குறைய ஒரே தாபனமாகவே இருக்கின்றது. தைவானிலுள்ள அத்தாபனத்தை யாழ்ப்பாணத்திலிருந்து எந்த நீதிமன்றத்துக்கும் நாம் அழைக்க முடியாது. எனினும், அந்த ஏகபோகத்தின் பாரம் வாசகர்மீது இறங்கும் இடங்கள் பெரும்பாலும் நமது ஊர்க் கடையிலும், நமது வீட்டு மேசையிலும், நமது பொது நூலகத்தின் கொள்வனவுப் பத்திரத்திலுமே இருப்பதால், அவ்விடங்களில் நமக்குள்ள பாத்தியதைகள் எவை, பரிகாரங்கள் எவை என்று அறிந்து வைத்திருப்பது பிரயோசனமுள்ள காரியமாகும்.

திரையின் இயல்பு

கைத்தொலைபேசியின் திரை தானே ஒளியை வீசி எழுத்தைக் காட்டுவது. மின்தாளோ, காகிதத்தைப் போலவே, தன்மேல் விழும் வெளிச்சத்தைத் திருப்பி எழுத்தைக் காட்டுவது. தலைமயிரின் தடிப்பளவே விட்டங்கொண்ட எண்ணிறந்த நுண்குமிழிகள் ஒரு மெல்லிய படலத்திலே பரவியிருக்க, ஒவ்வொரு குமிழியின் உள்ளேயும் தெளிந்த திரவத்தில் வெண்ணிறத் துணிக்கைகளும் கருநிறத் துணிக்கைகளும் எதிரெதிரான மின்னேற்றத்தோடு மிதக்கின்றன. மின்புலத்தின் திசைக்கேற்ப ஒரு நிறம் மேலெழ மற்றையது கீழிறங்கப் பக்கம் உருவாகிறது. ஒருமுறை உருவான பக்கம் அப்படியே நிற்பதற்கு மின்சாரம் வேண்டுவதில்லை. பக்கம் மாறும் கணத்திலேதான் மின்கலம் செலவாகின்றது. ஆதலால், ஒருமுறை மின்னேற்றிய கருவி வாரக்கணக்கில் உழைக்கின்றது. சித்திரை வெயிலில் முற்றத்திலிருந்து வாசித்தாலும் எழுத்து மங்குவதில்லை. 1990 இல் மின்சாரம் அற்றுப்போய், மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு வந்து, ஜாம் போத்தலுக்குள் திரியிட்ட விளக்கின் கீழிருந்து பரீட்சைக்குப் படித்த தலைமுறை இன்னமும் நம்மிடையே வாழ்வதால், இக்குணத்தின் அருமையை யாழ்ப்பாணத்தாருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

இத்தனை அனுகூலங்களோடு ஒரு பிரதிகூலமும் இருக்கிறது. அப்படலம் ஒட்டப்பட்டிருக்கும் அடித்தளம், பெரும்பாலான கருவிகளில், மிகவும் மெல்லிய கண்ணாடியாகும். கைத்தொலைபேசியின் மேற்கண்ணாடி வெடித்தால் விரலுக்கும் தெரியும், கண்ணுக்கும் தெரியும். மின்தாளிலோ மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும்போதே உள்ளேயிருக்கும் கண்ணாடி வெடித்துவிடலாம். அடுத்த பக்கத்தைத் திருப்பும்போது பாதித் திரை உறைந்து நிற்பதும், கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுவதுமே அதன் அறிகுறிகள். விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையே பின்னர் எழும் பிணக்குக்கு வித்திடுவது இந்த இயல்புதான்.

ஒரு கைக்கு வந்த வரலாறு

அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்திலே ஜோசப் ஜேக்கப்சனும் அவருடைய மாணவர்களும் நடத்திய ஆராய்ச்சியிலிருந்து 1997 இல் ஈ-இங்க் என்ற கம்பனி பிறந்தது. 2004 இல் சோனி நிறுவனம் யப்பானிலே விற்ற லிப்ரியே என்ற கருவியும், 2007 நவம்பரில் அமேசன் 399 டொலருக்கு வெளியிட்ட முதலாவது கிண்டிலும் இக்கம்பனியின் படலத்தையே தாங்கி வந்தன. அப்படலத்தை வாங்கித் திரையாக ஆக்கும் தொழிலில் முன்னின்ற தைவானியத் தாபனமாகிய பிரைம் வியூ இன்டர்நாஷனல், 2005 இல் பிலிப்ஸ் கம்பனியின் மின்தாள் பிரிவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 2009 இல் ஈ-இங்க் கம்பனியையே வாங்குவதற்கு ஒப்பந்தஞ் செய்தது. அடுத்த ஆண்டிலே தன் பெயரையும் ஈ-இங்க் ஹோல்டிங்ஸ் என மாற்றிக்கொண்டது. படலம் செய்பவரும் திரை செய்பவரும் இவ்வாறு ஒருவரே ஆயினர். வேறொரு முறையிலே மின்தாள் செய்துகொண்டிருந்த சிபிக்ஸ் என்ற போட்டிக் கம்பனியும் 2012 இல் அதே தாபனத்தின் வசமாயிற்று.

வாங்கப்படாத போட்டியாளர் தாமாகவே களத்தைவிட்டு நீங்கினர். மின்தாள் ஆராய்ச்சிக்கு 1970களிலேயே வழிகாட்டிய செரொக்ஸ் நிறுவனம், அதன் பொருட்டு நிறுவிய கைரிக்கொன் என்ற கிளையை 2005 இல் மூடிவிட்டது. யப்பானின் பிரிட்ஜ்ஸ்ரோன் 2012 இல் அத்தொழிலிலிருந்து விலகிற்று. குவால்கொம் நிறுவனத்தின் மிராசோல் என்ற வண்ணத் திரை சந்தையில் வேரூன்றவில்லை. லிக்குவாவிஸ்ரா என்ற நெதர்லாந்துக் கம்பனியைச் சாம்சுங் நிறுவனத்திடமிருந்து அமேசன் 2013 இல் வாங்கி, 2018 இல் மூடிவிட்டது. கிண்டில், கோபோ, நூக், பொக்கெற்புக், பூக்ஸ் என்று ஒருவர் எதைத் தெரிந்தெடுத்தாலும், மின்தாள் திரை என்றால் பெரும்பாலும் ஒரே ஊற்றின் நீரையே அவர் பருகுகிறார். சீனத்தின் குவாங்சோ நகரத்து ஓ.ஈ.டி. போன்ற சில தாபனங்கள் வேறு திரைகளைச் செய்து வருகின்றனவெனினும், அவை இன்னும் சந்தையின் ஓரத்திலேயே நிற்கின்றன.

இந்நிலை சூழ்ச்சியினால் மாத்திரம் வந்தது என்று கூறுவது நியாயமாகாது. புதுக்கண்டுபிடிப்புக்கு 20 ஆண்டுகாலப் பாதுகாப்பு அளிக்கும் காப்புரிமை ஒரு காரணம். 1990களின் நடுப்பகுதியில் விண்ணப்பிக்கப்பட்ட ஆதி உரிமைகளின் காலம் கழிந்துவிட்டபோதிலும், பின்னர் சேர்ந்த உரிமைகளும், குமிழிப் படலத்தை ஒரே சீராகச் செய்யும் தொழில் நுணுக்கமும் எளிதிலே பிறர் கைக்கு வருவனவல்ல. சந்தை சிறிது, முதலீடு பெரிது, கைத்தொலைபேசித் திரையில் கிடைக்கும் இலாபத்தை விட்டு இதிலே முதலிடுவதற்குப் பெருந்தாபனங்கள் முன்வருவதில்லை.

போட்டியாளர் பலர் இருந்துவிட்டாலும் வாசகருக்கு நன்மை தானாக வந்துவிடும் என்பதில்லை. திரவப் படிகத் திரைகளைச் செய்த ஆறு கம்பனிகள், 2001 முதல் 2006 வரை தைவானிய விடுதிகளிலே இரகசியமாகக் கூடி விலையைத் தமக்குள் நிர்ணயித்துக்கொண்டமை வெளிப்பட்டபோது, ஐரோப்பிய ஆணைக்குழு 2010 டிசம்பரில் அவற்றுள் ஐந்துக்கு மொத்தம் 64 கோடியே 80 இலட்சம் யூரோவுக்கு மேற்பட்ட தண்டம் விதித்தது. இரகசியத்தை வெளிப்படுத்திய ஆறாவது கம்பனி தண்டத்திலிருந்து தப்பிற்று. எத்தனை பேர் விற்கிறார்கள் என்பதோடு, அவர்கள் எவ்வாறு நடந்துகொள்கிறார்கள் என்பதையும் சட்டம் நோக்குவது இக்காரணத்தினாலேதான்.

வாசகர்மீது இறங்கும் பாரம்

2006 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்துக்கான தரைவழியாகிய ஏ-9 வீதி மூடப்பட்டுக் கப்பலையே நம்பியிருந்த காலத்தில், பொருளின் விலையைக் காட்டிலும், அடுத்த கப்பல் எப்போது வரும் என்பதை நாம் அறியாதிருந்த நிலையே நம்மைப் பெரிதும் வருத்திற்று. ஒரே வழியை நம்பியிருக்கும் எந்தச் சந்தையிலும் அவ்வருத்தமே மூன்று உருவங்களில் வந்து நிற்கும்: கிரயம், உடைவு, பூட்டு.

முதலாவது கிரயம். ஆறங்குலக் கருவியின் விலை காலத்தோடு இறங்கியே வந்திருக்கிறது என்பதை மறுக்க முடியாது. அது இறங்கியதற்குக் காரணம், கருவியைச் செலவளவுக்கே விற்றுவிட்டு நூல் விற்பனையில் இலாபம் ஈட்டுவது என்று அமேசன் வகுத்துக்கொண்ட உபாயம். அதனை அதன் தலைவராயிருந்த ஜெப் பெசோஸ் 2012 இல் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். ஆகவே, மலிவான கருவி என்பது ஒரு கடையின் வாசற்கதவே. அக்கடையில் நூல் வாங்காதவருக்கு, அதாவது நம்மவருட் பலருக்கு, அந்த மலிவு முழுப்பயனைத் தருவதில்லை. 1981 ஜூன் முதலாந் திகதி இரவோடிரவாக எரிந்து சாம்பரான யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்த சமூகம், 2005 முதல் நூலகம் என்ற எண்ணிம நூலகத்தின் வழியாக ஈழத்துப் பழைய நூல்களையும் சஞ்சிகைகளையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்துச் சேமித்து வருகின்றது. படமாக்கப்பட்ட பக்கத்தில் எழுத்தை மட்டும் பெரிதாக்க முடியாது. முழுப்பக்கத்தையும் ஒருங்கே காண்பதற்குப் பெரிய திரை வேண்டும். 2022 இல் வெளிவந்த ஆறங்குலக் கிண்டிலின் விலை 99.99 டொலர், அதே ஆண்டில் வெளிவந்த 10.2 அங்குலக் கிண்டில் ஸ்கிரைப் 339.99 டொலர். ஆண்டுத் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் நின்ற டொலர் மே மாதத்துக்குள் 360 ரூபாவளவுக்கு ஏறிய அவ்வாண்டில், அந்த வேறுபாடு ஓர் ஆசிரியரின் மாதச் சம்பளத்தையே விழுங்கிவிடக் கூடியதாக இருந்தது. 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரியும் நூற்றுக்கு 18 ஆயிற்று.

இரண்டாவது உடைவு. ஒரு மாதிரிக்குரிய திரை இன்னொரு மாதிரிக்குப் பொருந்துவதில்லை. ஒரே பெயர்கொண்ட கருவியிலும் வெளியீட்டு ஆண்டு மாறினால் திரையும் மாறிவிடலாம். திரை செய்பவர் கருவி செய்யும் கம்பனிகளுக்கு மொத்தமாக விற்கிறாரேயன்றி, ஸ்ரான்லி வீதியிலுள்ள திருத்துநருக்குச் சில்லறையாக விற்பதில்லை. ஆதலால், கைத்தொலைபேசித் திரையை ஒரு பின்னேரத்துக்குள் மாற்றிக் கொடுக்கும் கைதேர்ந்தவரும் மின்தாளைக் கண்டால் கையை விரிக்க நேர்கிறது. வெளிநாட்டிலிருந்து திரையை வருவித்தால், அதன் கிரயமும் தபாற்செலவும் தீர்வையும் சேர்ந்து புதிய கருவியின் விலையை நெருங்கிவிடும்.

மூன்றாவது பூட்டு. திரையும் கருவியும் நூற்கடையும் ஒரு சங்கிலியாகப் பிணைந்திருக்கும்போது, நாம் விலைகொடுத்தது நூலுக்கா, நூலை வாசிக்கும் அனுமதிக்கா என்ற சந்தேகம் எழுகிறது. 2009 ஜூலையில், உரிமைச் சிக்கல் காரணமாக ஜோர்ஜ் ஓர்வெலின் இரு நூல்களை, விலைகொடுத்து வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அமேசன் தொலைவிலிருந்து அழித்துவிட்டது. கண்டனம் எழுந்தபின் மன்னிப்புக் கோரிற்று. சீனத்திலே தனது கிண்டில் நூற்கடையை 2023 ஜூன் 30 ஆந் திகதியோடு மூடிற்று. வாங்கிய நூலின் பிரதியைக் கணினியில் இறக்கிக் கம்பிவழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியை 2025 பெப்ரவரி 26 ஆந் திகதி நிறுத்திற்று. இவற்றுள் எதுவும் நமது ஊரைக் குறிவைத்துச் செய்யப்பட்டதன்று. ஆயினும், ஒரே கடையை நம்பியவர் அக்கடையின் தீர்மானத்தை நாளை எந்தக் காலையிலும் சந்திக்க நேரலாம் என்பதற்கு இவை பிரத்தியட்ச உதாரணங்கள்.

சட்டம் எட்டும் எல்லை

ஏகபோகமாக இருப்பது வேறு. ஏகபோகத்தைத் துஷ்பிரயோகம் செய்வது வேறு. இலங்கையிலே 1987 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டம் ஏகபோகம், கம்பனிகளின் இணைப்பு, போட்டிக்கு விரோதமான நடவடிக்கை ஆகிய மூன்றையும் விசாரிக்க இடமளித்திருந்தது. அதன் இடத்தைப் பிடித்த 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், முன்னைய இரண்டையும் விட்டுவிட்டு, மூன்றாவதை மாத்திரம் வைத்துக்கொண்டது. இலங்கையில் பொருள்களின் உற்பத்தி, வழங்கல், கொள்வனவு ஆகியவற்றில் போட்டியைத் தடுக்கும், கட்டுப்படுத்தும் அல்லது திரிக்கும் நடத்தையை அதன் 34 ஆம், 35 ஆம் பிரிவுகளின் கீழ் அதிகார சபை விசாரிக்கலாம். தைவானில் இரு கம்பனிகள் ஒன்றானமை இப்பிரிவுகளுக்கு அகப்படாது. இறக்குமதியாளர் சிலர் தமக்குள் பேசி ஒரே விலையை நிர்ணயித்தால், அல்லது இன்னாருடைய கருவியை விற்றால் உமக்குச் சரக்குத் தரமாட்டோம் என்று யாழ்ப்பாணத்து வியாபாரியை நெருக்கினால், அது அகப்படக்கூடிய விஷயம்.

தனிப்பட்ட வாசகருக்கு இதனிலும் அணுக்கமான பாதுகாப்பு அதே சட்டத்தின் 13 ஆம் பிரிவில் இருக்கின்றது. வெளிப்படையாகவோ குறிப்பாகவோ வழங்கப்பட்ட உத்தரவாதத்துக்குப் பொருந்தாத பொருளை ஒருவர் விற்றால், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்துமூலம் முறையிடலாம். விசாரணையின் பின்னர், நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ அதிகார சபை கட்டளையிடலாம். மூன்று மாதம் என்ற எல்லையை வாசகர் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். ஓராண்டு உத்தரவாதம் இருக்கிறதே என்று ஆறுதலாக இருந்துவிட்டு நான்காம் மாதத்தில் முறையிடச் செல்பவருக்கு இவ்வழி அடைபட்டுப்போகலாம். பொய்யான வர்ணனையினாலோ ஏமாற்றும் நடத்தையினாலோ விற்பதை 30 ஆம், 31 ஆம் பிரிவுகள் தடுக்கின்றன. பாவித்த கருவியைப் புதியதென்று விற்பதும், பழைய மாதிரியைப் புதிய மாதிரியென்று விற்பதும் இவற்றுள் அடங்கும்.

மூன்று மாதம் கழிந்தவர் நிர்க்கதியாகி விட்டவர் அல்லர். 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்னமும் நடைமுறையில் இருக்கிறது. வர்ணித்து விற்ற பொருள் அவ்வர்ணனைக்குப் பொருந்தியிருக்க வேண்டும் என்பதும், வாங்குபவர் தம் தேவையைக் கூறி விற்பவரின் அறிவை நம்பி வாங்கினால் அப்பொருள் அத்தேவைக்கு உதவ வேண்டும் என்பதும் அதன் விதிகள். "படமாக்கிய தமிழ் நூல்களை வாசிப்பதற்கு இது உதவுமா?" என்று கேட்டு, உதவும் என்ற மறுமொழியை ஒரு குறுஞ்செய்தியிலேனும் பெற்றுக்கொண்டவருடைய நிலை, ஒன்றும் கேளாமல் வாங்கியவருடைய நிலையிலும் பலமானது. பற்றுச்சீட்டின் அடியிலே நுண்ணெழுத்தில் பொறுப்பை முற்றாக மறுக்கும் வாசகத்தைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. நியாயமற்ற அத்தகைய நிபந்தனைகளுக்கு வரம்பிடுவதற்கென்றே 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் இருக்கின்றது.

வாங்கு முன்னும் வாங்கிய பின்னும்

வாங்குவதற்கு முன்னே தாம் வாசிக்கப்போகும் நூல் எத்தகையது என்று தீர்மானிப்பது முதற்காரியம். 1998 தைப்பொங்கலன்று தொடங்கப்பட்ட மதுரைத் திட்டத்தின் நூல்களைப் போல எழுத்துருவில் தட்டச்சான நூல்களை வாசிப்பவருக்கு ஆறங்குலத் திரையே போதும்; எழுத்து வேண்டிய அளவுக்குப் பெருகும், வரியும் அதற்கேற்ப மடிந்து வரும். படமாக்கிய பழைய நூல்களையே பெரிதும் நாடுபவர், பெரிய திரைக்கு வசதி வரும்வரை பொறுத்திருப்பதோ, வெள்ளை ஓரங்களை நீக்கிப் பக்கத்தைத் துண்டாக்கிக் காட்டும் இலவச மென்பொருளைப் பயன்படுத்துவதோ நன்று. கோபோ, பொக்கெற்புக் போன்ற கருவிகளில் இயங்கும் கே.ஓ.ரீடர் என்ற கட்டற்ற மென்பொருள் இதற்கு உதவும். ஈபப் என்ற பொது வடிவத்திலுள்ள நூலைக் கடைக் கணக்கின்றித் திறக்கும் கருவியா, தமிழ் எழுத்தைக் கொம்பும் புள்ளியும் இடம் மாறாமல் காட்டும் கருவியா என்று கடையிலேயே ஒரு தமிழ்க் கோப்பைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

பணங்கொடுப்பதற்கு முன்னர் பெட்டியை விற்பனையாளர் முன்னிலையிலேயே பிரித்து, கருவியை இயக்கி, பத்துப் பன்னிரண்டு பக்கங்களைத் திருப்பிப் பார்க்க வேண்டும். உள்வெடிப்பு பக்கம் மாறும்போதே வெளிப்படும் என்பதால், இயங்காத கருவியின் மேற்பரப்பைத் தடவிப் பார்த்துத் திருப்தியடைவதில் பயனில்லை. அந்தப் பரிசோதனையைக் கைத்தொலைபேசியில் ஒரு சிறு காணொளியாக எடுத்து வைத்தால், "நீர்தான் விழுத்தி உடைத்தீர்" என்ற மறுப்பு பின்னர் எழும்போது அதுவே சாட்சியாகும். மாதிரியின் பெயர், வெளியீட்டு ஆண்டு, தொடரிலக்கம், உத்தரவாத காலம், திரைக்கும் அவ்வுத்தரவாதம் செல்லுமா செல்லாதா என்ற விவரம் ஆகியவற்றைப் பற்றுச்சீட்டிலே எழுதுவித்துக்கொள்ள வேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் கடமை. அது அவருடைய தயவன்று. பாவித்த கருவியை வாங்குபவர், முன்னைய உரிமையாளரின் கணக்கிலிருந்து அது விடுவிக்கப்பட்டதா என்று பார்த்தபின்னரே பணத்தைக் கொடுக்கலாம்.

ரொறன்ரோவிலோ இலண்டனிலோ பாரிசிலோ வாழும் உறவினர் வாங்கி அனுப்பும் கருவியைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. உத்தரவாதம் பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடுவதாலும், விற்பனை இலங்கையில் நடைபெறாமையால் நமது அதிகார சபையின் கை அதற்கு எட்டாமையாலும், பற்றுச்சீட்டை அவரிடமே வைத்திருக்கச் செய்து, கருவி வந்து சேர்ந்தவுடனேயே பரிசோதித்து, குறையிருந்தால் அந்நாட்டுக் கடையின் திருப்பும் காலம் கடப்பதற்குள் அவருக்கு அறிவித்துவிட வேண்டும். விடுமுறையில் வந்து திரும்புபவரின் கையில் அதனைக் கொடுத்தனுப்புவது இதற்கு எளிய மார்க்கம்.

குறை தோன்றியபின் நடக்கவேண்டிய ஒழுங்கு இது. முதலில் விற்றவருக்கு எழுத்துமூலம் அறிவித்து, ஒரு தவணை கொடுத்து, பிரதியை வைத்துக்கொள்ளுதல். தவணைக்குள் பரிகாரம் கிடையாவிட்டால், பற்றுச்சீட்டின் பிரதியோடும் படங்களோடும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாட்டை அனுப்புதல். ஆலோசனை வேண்டுவோர் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தை அழைக்கலாம். தொலைபேசியில் பேசிவிட்டதே போதும் என்றிராமல், எழுத்துமூலமான முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் சேர்ப்பிப்பதில் கண்ணாயிருக்க வேண்டும். விற்றவரும் வாங்கியவரும் ஒரே ஊரவராக இருந்து, வழக்குக்குச் செல்ல மனமில்லாவிட்டால், 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த மத்தியஸ்த சபை உண்டு. அங்கே சட்டத்தரணி தேவையில்லை. இணக்கம் ஏற்படாவிட்டால் அதற்கான சான்றிதழைப் பெற்றுக்கொண்டு நீதிமன்றத்தை நாடலாம்.

கூடி வாங்குவோரின் பலம்

தனி வாசகர் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும், ஒரே ஊற்றை நம்பிய சந்தையில் அவருடைய பேரம் பேசும் வலிமை அற்பமே. யாழ்ப்பாணத்துப் புகையிலையைத் திருவிதாங்கூர்ச் சந்தைக்கு அனுப்பிய கமக்காரர், தரகர் சிலரின் பிடியிலிருந்து விடுபட 1930களில் மலையாளப் புகையிலைக் கூட்டுறவு விற்பனவுச் சங்கத்தை அமைத்ததும், மூளாயிலே கூட்டுறவு ஆஸ்பத்திரி எழுந்ததும், இந்த உண்மையை நம்மவர் வெகுகாலத்துக்கு முன்னரே தெரிந்திருந்தனர் என்பதைக் காட்டும். மின்தாளுக்கும் அவ்வழி திறந்தே இருக்கின்றது. ஒரு பாடசாலையோ, பழைய மாணவர் சங்கமோ, பிரதேச சபை நூலகமோ 20 கருவிகளை ஒருங்கே வாங்கும்போது, இரண்டு மேலதிகத் திரைகளையும் மூன்றாண்டுத் திருத்த வசதியையும் நிபந்தனையாகக் கேட்க முடியும். ஒரு கருவியை வாங்குபவர் அப்படிக் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார்.

பொதுப்பணத்தில் வாங்கும் நிறுவனங்கள் தம் கேள்விப்பத்திரத்தில் ஒரு கம்பனியின் பெயரை எழுதாமல், வேண்டிய குணங்களை எழுதுவது போட்டிக்கு அவை செய்யக்கூடிய பெருந்தொண்டாகும்: இத்தனை அங்குலத் திரை, ஈபப் வடிவத்தை நேரே திறக்கும் வசதி, தமிழ் எழுத்துருவைப் பிழையறக் காட்டும் ஆற்றல், கணக்குத் திறவாமலே நூலை ஏற்றும் வழி, திரை உடைந்தால் மாற்றித் தரும் கிரயம் முன்கூட்டியே குறிக்கப்படுதல். இவ்வாறு எழுதப்பட்ட பத்திரத்துக்குப் புதிய உற்பத்தியாளரும் விலை கோரலாம். பெயர் குறித்து எழுதப்பட்ட பத்திரம் கதவைச் சாத்திவிடும். அந்நிறுவனங்கள் எதை, யாரிடம், என்ன விலைக்கு வாங்கின என்று கேட்டறியும் உரிமையும் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தினால் ஒவ்வொரு பிரசைக்கும் உண்டு.

நூல்களைச் சேமித்து வைப்போருக்கும் இதிலே ஒரு பங்கு இருக்கிறது. பக்கங்களைப் படமாக்குவதோடு நில்லாது, அவற்றை எழுத்துருவிலான நூல்களாக மாற்றும் ஒவ்வொரு மணிநேர உழைப்பும், பெரிய திரை வாங்க வசதியற்ற ஒரு மாணவருக்கு ஆறங்குலக் கருவியையும், அதுவுமில்லாதவருக்குக் கைத்தொலைபேசியையும் நூலகமாக்கித் தருகின்றது. எழுத்துருவில் உள்ள நூலுக்கு எந்தத் திரையும் திரையே. அதனை வாசிப்பவர் ஒரு தாபனத்தின் திரைக்கு அடிமைப்பட வேண்டியதில்லை. காப்புரிமை காலாவதியாகிப் புதிய உற்பத்தியாளர் தோன்றும் நாள் நமது கையில் இல்லை. பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குவதும், மூன்று மாதத்துக்குள் முறையிடுவதும், நூலகத்தின் கேள்விப்பத்திரத்தை வாசித்துத் திருத்தக் கோருவதும், ஒரு பழைய நூலை எழுத்துருவில் ஏற்றிக் கொடுப்பதும் இன்றே நம் கையில் இருக்கின்றன.